அப்பாவின் முகமூடி

போன மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, கிள்ளானில் உள்ள அப்பா வீட்டில் எல்லாரும் கூடியிருந்தோம். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். பெரியவர்கள் யாரும் அந்தக் காரணத்தைப் பேச ஆரம்பிக்கவில்லை. ஆளாளுக்குத் தேநீரைக் குடித்துக்கொண்டு வேறு எதையோ பேசிக்கொண்டிருந்தோம். அண்ணன் மகன் மட்டும் பசார் மாலாமில் வாங்கிய மல்யுத்த முகமூடியை மாட்டிக்கொண்டு தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தான். 11 வயது. ரே மிஸ்டீரியோ என்றால் அவனுக்கு உயிர்.

"சித்தப்பா, ஒரு டவுட்டு. ரே மிஸ்டீரியோவுக்கு முதல்ல ரே மிஸ்டீரியோ ஜூனியர்னுதான் பேராம். அப்படின்னா அவங்க அப்பாதான் சீனியரா?"

"இல்லடா, அது அவரோட மாமா."

"மாமா பேருக்கு எப்படி ஜூனியர் ஆக முடியும்? அப்பா பேருக்குத்தானே ஆகணும்?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அன்று இரவு அவன் தூங்கிய பிறகு நான் தேட ஆரம்பித்தேன். தேடல் என்னை மெக்சிகோவுக்கு இழுத்துக்கொண்டு போனது. அங்கே ஒரு போட்டி இருக்கிறது. பெயர் கோப்பா ஜூனியர். தமிழில் சொன்னால் 'ஜூனியர் கோப்பை'. இளையோர் போட்டி என்று நினைத்துவிடாதீர்கள். நாற்பது வயதுக்காரரும் அதில் மோதலாம். வயது அங்கே கணக்கில்லை. மல்யுத்தக் குடும்பத்திலிருந்து வந்தவராக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அப்பாவோ தாத்தாவோ பெரியப்பாவோ மேடை ஏறியவராக இருக்க வேண்டும்.

நம்மில் பலருக்கு மல்யுத்தம் என்றால் அமெரிக்காவின் டபிள்யூடபிள்யூஇதான். மெக்சிகோவின் 'லூச்சா லிப்ரே' அதைவிட மூத்த ஆள். 1933இல் சால்வடோர் லுட்டெரோத் என்பவர் மெக்சிகோ நகரில் தொடங்கிய நிறுவனம் இன்று சிஎம்எல்எல் என்ற பெயரில் நடக்கிறது. உலகில் இன்னும் இயங்கிக்கொண்டிருக்கும் மல்யுத்த நிறுவனங்களில் இதுவே பழையது. அதன் தலைமையகம் 1956இல் திறக்கப்பட்ட அரேனா மெக்சிகோ. 16,000 பேருக்கு மேல் உட்காரலாம். 1968 ஒலிம்பிக்கின் குத்துச்சண்டை கூட அங்குதான் நடந்தது. வெள்ளிக்கிழமை இரவு என்றால் அப்பாவும் அம்மாவும் பாட்டியும் பிள்ளைகளுமாக மக்கள் அங்கே போவார்கள். வாசலில் வரிசையாக முகமூடிக் கடைகள். இந்த நிறுவனமே தலைமுறை தலைமுறையாக லுட்டெரோத் குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது. குடும்பம் நடத்தும் அரங்கு, குடும்பங்கள் மோதும் மேடை, குடும்பமாக வந்து பார்க்கும் கூட்டம். அங்கே வாரிசுகளுக்கென்று ஒரு கோப்பை வைத்ததில் வியப்பில்லை.

கோப்பா ஜூனியர் எல்லா ஆண்டும் நடப்பதில்லை. விட்டு விட்டு நடக்கும். ஒருவரையொருவர் வென்று மேலேறும் வெளியேற்றச் சுற்று. தோற்றவர் வீட்டுக்குப் போவார், கடைசியில் இருவர் மிஞ்சுவர். அதே நிறுவனம் 'கோப்பா டினாஸ்தியாஸ்' என்று இன்னொன்றும் நடத்துகிறது. வம்சக் கோப்பை. அதில் அப்பாவும் மகனும், அண்ணனும் தம்பியும் ஜோடியாக இறங்குவார்கள்.

இந்த இடத்தில் சில வாசகர்கள் சிரிப்பது எனக்குத் தெரிகிறது. "முடிவை முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு ஆடும் ஆட்டம்தானே ஐயா?" ஆமாம். யார் ஜெயிப்பது என்பது முன்பே முடிவாகிவிடும். அதனால்தான் எனக்கு இந்தக் கோப்பை இன்னும் சுவாரசியமாகப் பட்டது. ஓட்டப்பந்தயத்தில் வென்றவனுக்குக் கடிகாரம் சாட்சி. இங்கே கோப்பையைக் கொடுப்பது, 'இந்தப் பிள்ளை இனி அந்தப் பெயரைத் தாங்குவான்' என்று பெரியவர்கள் ஊரறியச் சொல்வது போல. கூட்டம் கைதட்டினால்தான் அது செல்லும். கூட்டம் முகம் சுளித்தால் கோப்பை வெறும் தகரம். விழுவதும் உண்மை. கயிற்றின் மேலிருந்து பாய்ந்து தரையில் முதுகு படும்போது வலிக்காமல் இருக்க எந்த ஒப்பந்தமும் உதவாது.

குடும்பத் தொழிலாக இது ஏன் ஆனது? காரணம் எளிது. எப்படி விழுவது என்பதை அப்பாதான் சொல்லித் தர முடியும். நாம் எட்டு வயதில் சைக்கிள் பழகிய நேரத்தில் அந்தப் பிள்ளைகள் தோளைச் சுருட்டி உருளப் பழகியிருப்பார்கள். ஏற்கெனவே ஊருக்குத் தெரிந்த பெயர் சுவரொட்டியில் இருந்தால் சீட்டு விற்பதும் சுலபம். எடி குரேரோவை நினைவிருக்கிறதா? 2004இல் டபிள்யூடபிள்யூஇ சாம்பியன் ஆனவர். அவருடைய அப்பா கோரி குரேரோ மெக்சிகோவின் பெரிய மல்யுத்த வீரர். கோரியின் பிள்ளைகள் சாவோ, மான்டோ, ஹெக்டர், எடி நான்கு பேரும் மேடை ஏறினார்கள்.

இதைப் படித்தபோது, எல்லா அப்பாக்களும் மகனைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்திருப்பார்கள் என்றுதான் நானும் நினைத்தேன். நடந்தது வேறு.

ரே மென்டோசா என்று ஒருவர். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் பெரிய சாம்பியன். ஐந்து மகன்கள். ஒருவனும் மல்யுத்தத்துக்கு வரக்கூடாது, படித்து நல்ல வேலைக்குப் போக வேண்டும் என்பது அவர் ஆசை. மூத்தவர்கள் இருவரும் என்ன செய்தார்கள் தெரியுமா? முகமூடி போட்டுக்கொண்டு அப்பாவுக்குத் தெரியாமல் மோதப் போய்விட்டார்கள். விஷயம் தெரிந்த பிறகு, தடுக்க முடியாது என்று புரிந்துகொண்ட அப்பா தானே பயிற்சி கொடுக்க முன்வந்தார். ஐந்து பேரும் வந்தார்கள். வில்லானோ ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. பெயரே அதுதான். மூன்றாமவர் 2000ஆம் ஆண்டு மார்ச் 17 அன்று அரேனா மெக்சிகோவில் அட்லாண்டிஸ் என்பவரிடம் முகமூடியை இழந்த இரவை மெக்சிகோ ரசிகர்கள் இன்றும் பேசுகிறார்கள். அங்கே இரண்டு பேர் முகமூடியைப் பந்தயம் வைத்து மோதினால், தோற்றவர் எல்லார் முன்னாலும் அதைக் கழற்றித் தன் உண்மைப் பெயரைச் சொல்ல வேண்டும். பிறகு அந்த முகமூடியைப் போட முடியாது.

இன்னொருவர் எல் சான்டோ. நம் ஊரில் எம்.ஜி.ஆர். எப்படியோ, அங்கே அவர் அப்படி. வெள்ளி நிற முகமூடி. 50 படங்களுக்கு மேல் நடித்தார். 1984 ஜனவரியில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் முகமூடியைக் கொஞ்சம் உயர்த்தி முகத்தைக் காட்டினார். அடுத்த மாதம் 5ஆம் தேதி இறந்துபோனார். முகமூடியோடுதான் அடக்கம் செய்தார்கள். அவருடைய கடைசி மகனுக்கும் மல்யுத்த ஆசை வந்தது. முதலில் படிப்பை முடி என்றார் அப்பா. பையனும் பல்கலைக்கழகத்தில் தொடர்புத்துறை படித்தார். 1982இல் மேடை ஏறியபோது கூட அப்பா பெயரில் ஏறவில்லை. எல் கோராக் என்ற யாருக்கும் தெரியாத பெயரில் இறங்கினார். அதன் பிறகுதான் வெள்ளி முகமூடியும், எல் இஹோ டெல் சான்டோ, அதாவது 'சான்டோவின் மகன்' என்ற பெயரும் வந்தன.

இந்த இடத்தைப் படித்துவிட்டுக் கைப்பேசியைக் கீழே வைத்தேன். எங்கள் வீட்டுக் கதையைச் சொல்ல வேண்டிய இடமும் இதுதான்.

எங்கள் தாத்தா கிள்ளானில் மாலை கட்டும் கடை வைத்திருந்தார். அப்பா அதை எடுத்து நடத்தினார். கோயில் மாலை, கல்யாண மாலை, சாவு மாலை எல்லாம் அந்தக் கடையில்தான். பலகையில் இன்றும் தாத்தா பெயர்தான். எனக்கு எஸ்பிஎம் தேர்வு முடிந்த விடுமுறையில் கடையில் போய் உட்கார்ந்தேன். மூன்றாம் நாள் அப்பா என் கையிலிருந்த நூலை வாங்கி வைத்துவிட்டு, "நீ இந்தப் பக்கம் வராதே. போய்ப் படி" என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை ஒத்துக்கொள்கிறேன். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து பூ இறக்க யாருக்குப் பிடிக்கும்? அண்ணனையும் அப்படியே விரட்டினார். நாங்கள் இருவரும் மென்டோசா மகன்களைப் போல் ஒளிந்து வந்து கற்றுக்கொள்ளவில்லை. நான் கணக்காளர் ஆனேன். அண்ணன் பொறியாளர். எங்கள் இருவருக்கும் ஒரு கண்ணி கூட ஒழுங்காகக் கட்டத் தெரியாது.

அப்பாவுக்கு இப்போது 74 வயது. முழங்கால் ஒத்துழைக்கவில்லை. கடையில் 22 ஆண்டுகளாக மாலை கட்டும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். எங்களுக்குச் சொந்தமில்லை. பதினெட்டு வயதில் வேலைக்கு வந்தவர். அவர் அப்பாவிடம் கடையைத் தான் எடுத்து நடத்தலாமா என்று கேட்டிருந்தார். வாடகை, முன்பணம் எல்லாம் பேசியாகிவிட்டது. கடைசியாக ஒன்று கேட்டார்: "பலகையில பெரியவர் பேரு அப்படியே இருக்கட்டுமா ஐயா?"

நாங்கள் கூடியது அதற்காகத்தான். அண்ணனுக்கு இதில் விருப்பமில்லை. "கடையைக் கொடுங்க, வேணாங்கல. தாத்தா பேரு நம்ம ரத்தம். அதை வெளியாளுக்கு எப்படிக் கொடுக்கிறது?" அக்கா, "அப்ப நீ வந்து கட்டு" என்று ஒரே வரியில் முடித்தாள். அப்பா ஒன்றும் பேசவில்லை. நாளைக்குப் பேசுவோம் என்று படுக்கப் போய்விட்டார்.

அந்த இரவு நான் மெக்சிகோவில் திரிந்தது சும்மா பொழுதுபோக்கு அல்ல என்பது இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும்.

ஒரு பெயர் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியை அந்த ஊர் எண்பது ஆண்டுகளாக அலசிக்கொண்டிருக்கிறது. பதில்கள் பலவிதம்.

எல் சான்டோ குடும்பத்திலேயே பார்ப்போம். பெரியவரின் பேரன் ஒருவர், உண்மையான ரத்தபந்தம், 'சான்டோவின் பேரன்' என்ற பெயரில் மோத வந்தார். சான்டோவின் மகன் வழக்குப் போட்டார். பெயருக்கான சட்ட உரிமை தன்னிடம் இருக்கிறது என்றார். பேரன் கடைசியில் ஆக்செல் என்ற பெயரில் மோத வேண்டியதாயிற்று. பின்னர் 2016இல் சான்டோவின் மகன் தன் சொந்த மகனை சான்டோ ஜூனியர் என்று களமிறக்கினார். ரத்தம் இருந்தும் பெயர் கிடைக்காதவர் ஒருவர்.

இதற்கு நேர்மாறு புளூ டெமன். சான்டோவின் பெரிய போட்டியாளர், நீல முகமூடிக்காரர். 2000ஆம் ஆண்டு டிசம்பரில் இறந்தார். அவருடைய பெயரைத் தாங்கும் புளூ டெமன் ஜூனியர் அவருடைய வளர்ப்பு மகன். பெற்ற பிள்ளை இல்லை. 2008இல் அமெரிக்காவின் பழம்பெரும் என்டபிள்யூஏ உலகப் பட்டத்தை வென்றார். அந்த நீல முகமூடியைப் பார்த்து யாரும் "உன் ரத்தம் என்ன?" என்று கேட்கவில்லை.

ரே மிஸ்டீரியோவின் கதையும் அப்படித்தான். திஹுவானா நகரில் அவருக்குப் பயிற்சி கொடுத்தது மாமா. 1989இல் 14 வயதுப் பையனாகவே மேடை ஏறினார். பிறகு மாமா தன் பெயரையே அவருக்குக் கொடுத்தார். கொடுத்தவர் மாமா, வாங்கியவர் மருமகன், ஒட்டிக்கொண்டது 'ஜூனியர்'. அண்ணன் மகனின் சந்தேகத்துக்கு இதுதான் பதில். அங்கே ஜூனியர் என்பது பிறப்புச் சான்றிதழ் இல்லை. ஒருவர் இன்னொருவருக்குக் கொடுத்த சொல்.

சில நேரம் அது வாடகைக்கும் போகிறது. பழைய வீரர் ஒருவருக்குப் பணம் கொடுத்து, அவருடைய பெயரோடு ஜூனியர் என்று சேர்த்துக்கொள்ளும் பழக்கம் அங்கே உண்டு. ரசிகர்களுக்கும் தெரியும். முணுமுணுப்பார்கள், ஆனால் பையன் நன்றாக மோதினால் மறந்துவிடுவார்கள். அப்பா தூக்கிப்போட்ட பெயரை மகன் எடுத்துக்கொண்டதும் உண்டு. இயூஃபோரியா என்ற வீரர் முன்பு சோபெரானோ என்ற பெயரில் மோதினார். அவர் வேறு பெயருக்குப் போய்விட்டார். மகன் சோபெரானோ ஜூனியர் என்று வந்தார். இப்போது அப்பாவுக்கு ஒரு பெயர், மகனுக்கு அப்பாவின் பழைய பெயர்.

எனக்கு மிகவும் பிடித்தது எல்லாவற்றுக்கும் முந்தைய கதை. எல் சான்டோ, எல் சான்டோ ஆவதற்கு முன்பு ரோடோல்ஃபோ குஸ்மான் என்ற சாதாரண இளைஞர். அன்று மூர்சியேலாகோ, அதாவது வௌவால், என்று ஒரு புகழ்பெற்ற வீரர் இருந்தார். நம் ஆள் 'இரண்டாம் வௌவால்' என்று பெயர் வைத்துக்கொண்டு மோதினார். அசல் வௌவாலுக்கு வந்தது கோபம். மல்யுத்த ஆணையத்திடம் புகார் கொடுத்தார். அந்தப் பெயரைப் பயன்படுத்தக்கூடாது என்று தீர்ப்பாயிற்று. பெயரில்லாமல் நின்றவருக்கு 1942இல் பயிற்சியாளர் மூன்று பெயர்களைச் சொன்னார்: புனிதர், பிசாசு, தேவதூதர். அவர் முதலாவதை எடுத்துக்கொண்டார். மகனும் பேரனும் நீதிமன்றம் வரை போய்ச் சண்டை போட்ட அந்தப் பெரிய பெயர், வேறொருவர் பெயரை இரவல் வாங்கிப் பிடிபட்ட ஒருவருக்குக் கிடைத்த பெயர்.

பிள்ளைகள் என்றால் மகன்கள் மட்டும்தானா என்று அக்கா கேட்டாள். மறுநாள் காலை நான் இதையெல்லாம் அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது கேட்டது அது. இல்லை. கிரான் அப்பாச்சே என்ற வீரர் தன் மகள்கள் ஃபாபி, மேரி இருவருக்கும் பயிற்சி கொடுத்தார். இருவரும் அப்பாச்சே பெயரோடுதான் மோதினார்கள். அதற்கும் முன்னால் மெக்சிகோ நகரில் பெண்கள் மேடை ஏறவே தடை இருந்தது. ஐம்பதுகளில் வந்த தடை 1986இல்தான் நீங்கியது. அக்கா இதைக் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. சற்று நேரம் கழித்து, "என்னை யாரும் கடைப்பக்கம் வராதேன்னு கூடச் சொல்லல. வருவேன்னு யாரும் நினைக்கவே இல்ல" என்றாள். அதற்கு என்னிடம் பதிலில்லை. எங்கள் வீட்டில் அழகாக மாலை கட்டத் தெரிந்த ஒரே பிள்ளை அவள்தான்.

பெயரோடு சேர்ந்து வேறொன்றும் வாரிசுக்கு வருகிறது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை வெறும் பெருமைக் கதையாகிவிடும்.

டாக்டர் வாக்னர் என்று ஒரு முகமூடி வீரர். 1986இல் போட்டிக்குப் போகும் வழியில் கார் விபத்து. கூட்டாளி ஆன்ஹெல் பிளாங்கோ இறந்துபோனார். வாக்னர் பிழைத்தார். ஆனால் அதன் பிறகு அவரால் மோத முடியவில்லை. அப்போதுதான் மேடைக்கு வந்திருந்த மகன் டாக்டர் வாக்னர் ஜூனியர் அந்தப் பெயரை முழுதாகச் சுமக்க வேண்டியதாயிற்று. இன்னொரு மகன் சில்வர் கிங். அவர் 2019 மே மாதம் லண்டனில் ஒரு போட்டியின் நடுவே மேடையிலேயே சரிந்து இறந்தார். அன்று அவரோடு மோதியவரும் ஒரு மல்யுத்த வீரரின் மகன்தான்.

பெர்ரோ அகுவாயோவின் மகன் கதை இன்னும் கடினம். அப்பா பெயரையே வைத்துக்கொண்டு, சிறு வயதிலேயே மோத வந்து, பெரும் நட்சத்திரமானவர் பெர்ரோ அகுவாயோ ஜூனியர். 2015 மார்ச் 20 அன்று திஹுவானாவில் நடந்த போட்டியில் கழுத்தில் அடிபட்டு, கயிற்றில் சாய்ந்தபடியே நினைவிழந்து, பிறகு மருத்துவமனையில் உயிர் போயிற்று. வயது 35. எதிரணியில் இருந்தவர் ரே மிஸ்டீரியோ. அப்பா பெர்ரோ அகுவாயோ அதன்பின் நான்கு ஆண்டுகள் உயிரோடு இருந்தார். அந்த நான்கு ஆண்டுகளை நினைத்துப் பார்த்தேன். மகனை மல்யுத்தத்துக்கு வராதே என்று சொல்லும் அப்பாக்கள் எதற்குப் பயப்படுகிறார்கள் என்பது அப்போது புரிந்தது. எங்கள் அப்பாவின் பயம் விடியற்காலைக் குளிரும், வீங்கிய விரல்களும், தீபாவளிக்கு முந்தின இரவு வீட்டில் இல்லாமல் கடையில் கிடப்பதும்தான். ஒப்பிட்டால் சின்னப் பயம். ஆனால் அதே வகைப் பயம்.

இன்னும் ஒரே ஒரு மோதலைச் சொல்லிவிடுகிறேன். 2017 ஆகஸ்ட் 26. மெக்சிகோ நகரம். டாக்டர் வாக்னர் ஜூனியரும் சைக்கோ கிளவுன் என்பவரும் முகமூடியைப் பந்தயம் வைத்தார்கள். சைக்கோ கிளவுன் கோமாளி முகமூடி போட்டவர். அவர் அப்பா யார் தெரியுமா? பிரசோ டி பிளாட்டா. குண்டான உடம்போடு கூட்டத்தைச் சிரிக்க வைத்த வீரர். 1988இல் அவரும் அவருடைய சகோதரர்களும், நான் மேலே சொன்ன வில்லானோ சகோதரர்களிடம் முகமூடிகளை இழந்தவர்கள். குடும்பத்துக்குக் குடும்பம் மோதி இழந்த முகமூடிகள். அந்த வீட்டுப் பிள்ளை 29 ஆண்டுகள் கழித்து, வேறொரு பெரிய குடும்பத்தின் முகமூடியை வென்றார். அப்பாவின் பெயரை அவர் வைத்துக்கொள்ளவில்லை. தனக்கென்று ஒரு புதுப் பெயர், ஒரு புது முகம். வாக்னர் ஜூனியர் அன்று முகமூடியைக் கழற்றினார். ஆனால் கதை முடியவில்லை. அவருடைய மகன் அதே முகமூடியோடு ஜப்பானிய மேடைகளில் மோதியிருக்கிறார். அவருடைய மேடைப் பெயர்: 'டாக்டர் வாக்னர் ஜூனியரின் மகன்'. தாத்தா, அப்பா, பிள்ளை மூவரும் ஒரே பெயருக்குள் அடங்கிவிட்டார்கள்.

ஞாயிறு மதியம் சாப்பிட்டு முடித்ததும் அப்பா எங்களைக் கூப்பிட்டார். அண்ணன் மறுபடி ரத்தம் என்று ஆரம்பித்தார். அப்பா கையைக் காட்டி நிறுத்தினார்.

"உங்க தாத்தா அந்தக் கடையை ஆரம்பிச்சதா யார் சொன்னா?"

நாங்கள் விழித்தோம். பலகையில் அவர் பெயர்தானே இருக்கிறது?

"அது இன்னொருத்தர் கடை. தாத்தா அவர்கிட்ட வேலை கத்துக்கிட்டவரு. அந்தப் பெரியவர் போய்ச் சேர்ந்தப்போ, அவரு பிள்ளைங்க யாரும் கடைக்கு வரல. தாத்தா மூணு வருஷம் அவர் பேர்லதான் கட்டினாரு. ஜனங்க தாத்தாவைத் தேடி வர ஆரம்பிச்ச பிறகு, அந்த வீட்டுக்குப் போய்க் கேட்டுட்டு வந்துதான் தன் பேரை எழுதினாரு."

அறையில் சிறிது நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. எனக்கு இரண்டாம் வௌவால் நினைவுக்கு வந்தார். எந்தப் பெரிய பெயரையும் கொஞ்சம் சுரண்டினால் அடியில் இன்னொருவர் பெயர் இருக்கும் போலிருக்கிறது.

அன்று மாலை கடை அண்ணனை வீட்டுக்கு வரச் சொன்னார்கள். அவர் செருப்பை வாசலில் விட்டு வந்து, நாற்காலியின் ஓரத்தில் உட்கார்ந்தார். அப்பா சொன்னார்: "பேரு இருக்கட்டும் தம்பி. ஆனா ஒண்ணு. மாலை மட்டமா இருக்குன்னு என் காதுக்கு வந்தா, கால் வலிச்சாலும் நானே ஏணி போட்டு ஏறிப் பலகையைக் கழட்டிடுவேன்." அண்ணன் சிரித்தார். கண் கலங்கியதா என்று எனக்குத் தெரியாது. நான் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பா பிறகு சொன்னதை எங்களில் யாரும் எதிர்பார்க்கவில்லை. "எப்போ உன் பேரைப் போடணும்னு தோணுதோ, வந்து சொல்லிட்டுப் போடு. இந்த வீட்ல யாரும் வேணாம்னு சொல்லக்கூடாது." கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தலையாட்டினார். அக்கா மட்டும், சனிக்கிழமைகளில் கடைக்கு வந்து கட்டலாமா என்று கேட்டாள். கடை அண்ணன், "வாங்கக்கா, ஆளு பத்தல" என்றார்.

குடும்பத் தொழிலை விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போன என் தலைமுறைக்காரர்கள் பலர் இதைப் படிப்பீர்கள். முடிதிருத்தும் கடை, நகைப் பட்டறை, மளிகைக் கடை, சாப்பாட்டுக் கடை, தையல் கடை என்று நம் ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு பலகை இருந்தது. அப்பாதான் நம்மைத் துரத்தினார், நாமும் ஓடினோம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஓடிய பிறகு, அந்தப் பெயர் நம்முடையது, வேறு யாரும் தொடக்கூடாது என்று சொல்லும் உரிமை நமக்கு எவ்வளவு இருக்கிறது? நூலைத் தொடாத கை பலகையை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தால், அந்தப் பலகை சீக்கிரம் வெறும் பலகையாகிவிடும்.

கிளம்பும்போது அண்ணன் மகனிடம் அவன் கேள்விக்குப் பதில் சொன்னேன். "ஜூனியர்னா மகன்னு மட்டும் அர்த்தம் இல்லடா. பெரியவர் 'இவன் என் பேரைச் சொல்லிக்கலாம்'னு ஒத்துக்கிட்ட ஆளு."

அவன் முகமூடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தான்.

"அப்படின்னா கடை அண்ணன்தான் தாத்தாவுக்கு ஜூனியரா?"

ஆமாம் என்றேன். அவனுடைய அப்பா கார் சாவியைத் தேடுவது போல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.